வேளா குளித்த தண்ணீர்

ஓய், முதலில் வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தச்சநல்லூரில் எங்கள் தெருச் சாக்கடை ஓரமாக நின்று அழுதேன். மாநகராட்சி ஆள் ஒருவர் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டே போனார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. ஐம்பது தாண்டிய மனுஷன், ஒரு கையில் பால் பாக்கெட், மறு கையில் கைலியின் நுனி, சாக்கடையைப் பார்த்து மூக்கை விரித்து மோந்து மோந்து கண்ணீர் விடுகிறான். அந்த ஆள் பயந்துவிட்டார். "அண்ணாச்சி, தூளு கண்ணுல பட்டுட்டா? பைய வந்து இங்கன உக்காரும்" என்றார். ஆமாம், தூள்தான் என்றேன். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி, என் மனைவி என்னை வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிட்டாள் என்று. அவள் அதை மறுக்கவும் இல்லை.

ஊரில் மற்றவர்கள் செத்துப்போன நண்பனைச் சந்தன வாசனையிலும் சுருட்டு வாசனையிலும் நினைக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் நீர்.

கல்லூரியில் நீர் விலங்கியல் பாடம் நடத்தினீர், நான் வணிகவியல். உம்முடைய விஞ்ஞானத்துக்குள் நான் நுழைந்ததற்கு ஒரே தகுதி, என்னிடம் கார் இருந்தது. கேண்டீனில் வடையைப் பிய்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னீர்: "கடல்ல என்ன மீன் இருக்குன்னு தெரிய மீனப் பிடிக்கவே வேண்டாம் வே. அது குளிச்ச தண்ணி போதும்." எனக்குப் புரியவில்லை. செதில், மேல்தோலின் கொழகொழப்பு, கழிவு என்று ஒவ்வொரு உயிரும் தண்ணீரில் எதையாவது உதிர்த்துக்கொண்டே போகிறது, அதில் அதனுடைய டி.என்.ஏ. இருக்கிறது, ஒரு பாட்டில் கடல்நீரை மெல்லிய வடிதாளில் வடித்து அனுப்பினால், அந்தப் பக்கம் சமீபத்தில் யார் யார் வந்துபோனார்கள் என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள் என்றீர். கல்யாணம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மண்டபத்தில் கிடக்கும் முடியையும் எச்சில் இலையையும் வைத்து யார் வந்தார்கள் என்று சொல்வதுபோல என்றீர். அதைத்தானே எங்கள் தெருவில் காலங்காலமாகச் செய்கிறோம், அதற்கு ஆய்வகம் எதற்கு என்று கேட்டேன். நீர் என் வடையையும் எடுத்துத் தின்றீர்.

உமக்கு அந்தத் தண்ணீர் எதற்குத் தேவைப்பட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உம்முடைய கல்யாணக் கதை பாளையங்கோட்டைக்கே தெரியும். தலைமுறை தலைமுறையாக ஞாயிறு ஆராதனைக்கு முதல் பெஞ்சில் உட்காரும் புராட்டஸ்டன்ட் வாத்தியார் குடும்பத்துப் பையன், உவரிக் கடற்கரையில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற கத்தோலிக்க வீட்டுப் பெண்ணைக் கட்டினான். உம் அம்மா ஒரு மாதம் பேசவில்லை. உம் மாமனார் அதற்குப் பிறகும் பேசவில்லை. பேசினால் மீனைப் பற்றி மட்டும். இருபது வருஷமாக மாமனாரும் மருமகனும் வீட்டு விஷயம் ஒன்றுகூடப் பேசாமல், சுறா, திருக்கை, பாறை என்றே உறவை ஓட்டினீர்கள்.

அந்த மனுஷர்தான் ஒருநாள் கடலிலிருந்து வந்து, வள்ளத்துக்கு அடியில் வேளா போனதைப் பார்த்தேன் என்றார். மூக்கு நீண்டு, இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் மாதிரி இருக்குமே, அந்த மீன். முன்பெல்லாம் வலையைக் கிழித்துக்கொண்டு போகுமாம். இப்போது அதைப் பிடிப்பது குற்றம், பார்ப்பது அரிது. மகன்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். "எப்பா, அது முறிஞ்ச கம்பா இருக்கும். உமக்குக் கண்ணு மங்கிட்டு. இனி கரையில இரும்" என்று அந்த வாரமே அவரை வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. வீட்டு வாசலில் கடலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் பாதியாகக் குறைந்தது.

"தண்ணியக் கேப்போம் வே" என்று என்னிடம் வந்தீர். இல்லை என்று வந்தால் என்ன செய்வீர் என்று கேட்டேன். "வந்தா, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றீர். விஞ்ஞானி இப்படிப் பேசலாமா என்று கேட்க நினைத்து, கார் சாவியை எடுத்தேன்.

முதலில் தாமிரபரணியில் ஒத்திகை. குறுக்குத்துறைப் படித்துறையில் நாம் இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து பாட்டிலில் தண்ணீர் மொண்டதைப் பார்த்து, குளித்துக்கொண்டிருந்த ஒருவர், "தீர்த்தமா? இவ்வளவு சுத்தபத்தமா எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார். பாளையங்கோட்டைச் சபைக்காரரான நீர் கொஞ்சமும் யோசிக்காமல், "உவரி" என்றீர்.

அப்புறம் உவரிக்கு முதல் பயணம். ஒவ்வொரு பாட்டிலையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, மூடி, பெட்டியில் அடுக்கினீர். உம் சட்டை, என் கார், டிபன் பை எல்லாம் அந்த வாசனை. ஒரு பாட்டிலில் மட்டும் ஒன்றுமில்லாத சுத்தமான தண்ணீர். அதைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சும்மா திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அதில் ஆய்வகத்துக்கு எதுவும் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் நம் கை சுத்தமில்லை, மொத்தமும் குப்பை. "நம்ம யோக்கியதைக்கு அதான் சாட்சி" என்றீர். பெட்டியை உம் மாமியார் வீட்டுக் குசினியில் அடுப்போரம் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மாமியார் வீட்டில் சாப்பிடாமல் கடலுக்குப் போக நமக்கு என்ன துணிச்சல் இருந்தது?

சில வாரம் கழித்து முடிவு வந்தது. சுத்தத் தண்ணீருக்குள் சாளை மீன். எல்லாப் பாட்டிலிலும் சாளை. நீர் என் முன்னால் உவரிக்குப் போன் போட்டீர்.

"அத்த, அந்தப் பாட்டில எல்லாம் தொட்டியளா?"

"தொடாம? ஆஸ்பத்திரி நாத்தம்லா அடிச்சுது. நல்லாக் கழுவி வச்சேன்."

"ஒண்ணுல தண்ணி இருந்துச்சே?"

"அது என்னைக்குத் தண்ணியோ. கொட்டிட்டு நம்ம பானைத் தண்ணி ஊத்தி வச்சேன். கடல்ல தாகம் எடுத்தா குடிப்பியன்னு."

"அப்போ கையில என்ன வேல?"

"சாளை ஆஞ்சிட்டு இருந்தேன். ஏன், கொழம்பு நல்லா இல்லையா மருமவனே?"

குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிப் போனை வைத்தீர். பிறகு என்னிடம் சொன்னீர்: "பாசத்துக்கு டி.என்.ஏ. ரொம்ப வே. எல்லாப் பாட்டில்லயும் ஒட்டுது."

இரண்டாம் தடவை பெட்டி காரைவிட்டு இறங்கவில்லை. அத்தை காப்பியோடு கார் கதவருகே வந்து நின்று, உள்ளே பார்த்து, "எங்க வீட்டுத் தண்ணி ஆவாது. எங்க வீட்டுப் பொண்ணு மட்டும் ஆவுமோ?" என்று கேட்டார்கள். நீர் இரண்டு டம்ளர் காப்பி குடித்தீர். எனக்கு வைத்திருந்ததும் அதில் ஒன்று.

வள்ளத்தில் உம் பெரிய மச்சான் எஞ்சின் பிடித்தார். மாமா கரையில் இருந்துகொண்டு போனில் வழி சொன்னார். "ஏலே, இன்னும் தெக்க விடு. கோயில் கோபுரத்தப் பனை மறைக்கணும்." மச்சான், "மறைச்சிட்டுப்பா, மறைச்சிட்டு" என்று பல்லைக் கடித்தார். அந்த நேரம் பார்த்து எனக்கு வாந்தி வந்தது. நான் விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன். உம்மிடமிருந்து ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். "ஓய், நீரோட்டம் பாத்து எடும். கெழக்க போவுது. கெழக்க எடும்" என்று கத்தினீர். வாந்திக்குத் திசை சொன்ன ஒரே நண்பர் நீர்தான்.

முடிவு வந்த அன்று கல்லூரி மரத்தடியில் பட்டியலை வாசித்தீர். சுத்தத் தண்ணீரில் ஒன்றுமில்லை. மற்றதில் சாளை, பாறை, திருக்கை, இன்னும் என்னென்னவோ. ஒரு பாட்டிலில் ஆடு. நீர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர். "கடலுக்குப் போறதுக்கு மொத நாள் பிரியாணியா வே?" நான் மரத்தைப் பார்த்தேன். அதே பாட்டிலில், ஆட்டுக்குக் கீழே, வேளா.

உவரிக்கு வள்ளியூர் வழியாகப் போவதா, திசையன்விளை வழியாகப் போவதா என்ற வழக்கமான சண்டைகூட அன்று வரவில்லை. பாதி தூரம் போனதும் சொன்னீர். ஒரே ஒரு பாட்டில்தான். வேளா இந்தப் பக்கம் சமீபத்தில் வந்திருக்கலாம், அவ்வளவுதான். அன்றைக்கு மாமா பார்த்தது வேளாதான் என்று இந்தத் தண்ணீர் சொல்லாது. "ரெண்டும் வேற வேற கணக்கு. உமக்குத் தெரியும், நீரு காமர்ஸ்" என்றீர். அதை அங்கே சொல்வீரா என்று கேட்டேன். "ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றீர்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். நீர் நின்றுகொண்டே, "மாமா, வேளா இருக்கு" என்றீர். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மாமா மகன்களைப் பார்த்து, "கண்ணால பாத்தேன்னேன். ஒரு பயலும் நம்பல. தண்ணி சொன்னா நம்புதாவ" என்றார். சொல்லிவிட்டு எழுந்தார். பிறகு நாற்காலியை ஒரு கையால் இழுத்துக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: "பிள்ளையளுக்குப் பரீச்சை எப்போ மருமவனே?"

இருபது வருஷத்தில் மீன் இல்லாத முதல் கேள்வி. "போன் வருது" என்று நீர் வாசலைத் தாண்டி வெளியே போனீர். உம் போன் மேஜைமேல்தான் கிடந்தது. நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், மற்றவர்கள் கண்ணில் படுவதற்குள்.

அடுத்த வாரம் மாமா மறுபடியும் வள்ளத்தில் ஏறினார்.

நீர் ஒரு மழைக்காலத்தில் போனீர். நெஞ்சு வலி என்றதும் என் காரில்தான் ஏற்றினோம். பின்சீட்டில் இருந்து, நான் எடுத்த பாதை சுற்று என்று குறை சொல்லிக்கொண்டே வந்தவர், பாலம் ஏறியதும் நிறுத்திவிட்டீர். நான் அதை உம்முடைய கோபம் என்று நினைத்து, என் பாதைதான் சரி என்று பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. பாலத்தில் ஏறும்போதெல்லாம் தொடர்கிறேன்.

அடக்கத்துக்கு மாமா வந்திருந்தார். பாட்டு, ஜெபம் எல்லாம் முடியும்வரை நின்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மீனு பத்திப் பேச ஆளில்லாம போச்சு வே" என்றார்.

அதனால் மாதம் ஒரு ஞாயிறு உவரிக்குப் போகிறேன். உம் இடத்தில் உட்கார்ந்து மீன் பேசுகிறேன். திருக்கையைச் சுறா என்பேன், அவர் திட்டுவார், பொழுது போய்விடும். நீர் விட்டுப்போனதில் நான் சுமக்கிற பாரம் இது ஒன்றுதான். குழம்போடு சேர்த்துச் சுமப்பதால் கனமாகத் தெரியவில்லை. அத்தை என் பாட்டிலையும் கழுவி, தண்ணீர் ஊற்றித்தான் அனுப்புகிறார்கள். குடித்துக்கொண்டே வருகிறேன்.

இந்த முறை மாமாவைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துவந்து கண் ஆபரேஷன் செய்துவைத்தேன். கட்டுப் பிரித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு?" என்றார். நான் பேசியதும், "நீரா? இத்தன வருசமா ஒல்லியான ஆளுன்னுலா நெனச்சேன்" என்றார். வெளியே, பழைய வருஷக் கணக்கைச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். இரண்டு கண்ணிலும் வெகுகாலத்துப் பழைய புரையாம். வேளா பார்த்தேன் என்று சொன்ன வருஷத்திலும், கை நீட்டிய தூரத்துக்கு அப்பால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னார்.