வெங்காயம் விளைந்த மூன்றாம் கொப்பி

என் ராத்தாவுக்கு, கற்பிட்டியிலிருந்து உங்கள் தங்கையின் ஸலாம்.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போய் இரண்டாவது நோன்பும் வந்து போய்விட்டது. நீங்கள் கையால் எழுதிவைத்த மாயக் கதைக் கொப்பிகள் மூன்றையும் புத்தகமாக்கப் போகிறேன். அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான்தான் சுணங்குகிறேன்.

காரணம் என் மகள். வாசித்துவிட்டு, "உம்மா, பெரியம்மா பிழை உட்டிருக்கா" என்றாள். முதல் கொப்பியில், பிள்ளையில்லாத அரசி விதையைத் தொட்டால் நாடே தரிசாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பயந்து அவள் கோட்டையை விட்டு இறங்குவதேயில்லை. மூன்றாம் கொப்பியில் அதே அரசி, அப்போதும் பிள்ளையில்லாமல், தன் கையாலேயே நடுகிறாள். நிலம் கொள்ளாமல் விளைகிறது. இடையில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. நெருப்புக் கக்கும் ஒட்டகத்தை நம்பிய பிள்ளை இந்த விளைச்சலை நம்பமாட்டேன் என்கிறாள். அதுவும் விளைந்தது வெங்காயம்! அரண்மனை விருந்துக்கும் வெங்காயம்தானா ராத்தா?

எனக்கும் அது பிழையாகத்தான் பட்டது. சிவப்புப் பேனையை எடுத்து, அரசிக்கு ஒரு குழந்தை பிறந்ததாக ஒரு பக்கம் எழுதினேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அதை உங்கள் வீட்டுக்காரரிடம், மச்சானிடம், காட்டினேன். தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டு முழுவதையும் வாசித்தார்.

"ஏன் புள்ள, அவவுக்கு எதுக்குக் குழந்தை?" என்றார். "எங்கட உம்மா மவுத்தான பிறகு, அந்தப் போகம் உங்கட ராத்தாதான் முதல் வெங்காயம் நட்டா. பாத்தி நிறைய விளஞ்சிச்சு. அதுக்குப் பிறகுதான் மூணாம் கொப்பி எழுதினா."

அப்போதுதான் எனக்கு, மச்சானின் உம்மா உயிரோடிருந்த காலத்து ஒரு காலைப்பொழுது ஞாபகம் வந்தது. பிள்ளை பெற்ற கைதான் முதல் விதை வைக்க வேண்டும் என்று உங்கள் மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கைக்குழந்தையோடு வந்தேன். உங்கள் தோட்டத்தில், நீங்கள் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து நட்டேன். "ராத்தாவே வைக்கட்டும் மாமி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும். வேலை முடிந்ததும் நீங்கள் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்து, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். அந்தப் போகத்தில்தான் முதல் கொப்பியை எழுதத் தொடங்கினீர்கள். அன்றைக்கு என் மேல் கோபம் இருந்ததா? நான் ஏன் அதை ஒருநாளும் உங்களிடம் கேட்கவில்லை?

நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நாளைக்குக் கொப்பிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல். எவராவது வந்து பிழை என்றால், ஓம், முதல் கொப்பியில் ஒரு பிழை இருக்கிறது, அது நான் செய்தது என்று சொல்வேன். முதலில் என் மகளிடம் சொல்வேன்.

உங்கள் விதையை உங்கள் கையில் தராத,
தங்கச்சி