மூன்று நாள் வேலை, மிச்ச நாள் படிப்பு

மார்ச் 3, செவ்வாய்

சொத்துச் சட்டம், மூன்றாவது பாடம். காணொளியை நான்கு முறை ஓடவிட்டேன். நான்கு முறையும் பத்தாவது நிமிடத்தில் கண் சொருகிவிட்டது. 'உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்' என்று பல்கலைக்கழக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த வசதியான நேரம் எங்கே கிடைக்கும் என்று போடவில்லை.

மார்ச் 5, வியாழன்

வேலை நாள். வியாழன், வெள்ளி, சனி மட்டும்தான் என்று பெயர். வீடு விற்கிற அலுவலகத்தில் மூன்று நாளில் ஆறு நாள் வேலையைப் பிழிந்துவிடுகிறார்கள். இன்று ஒரு காலி வீட்டில், பார்க்க வருவதாகச் சொன்னவருக்காக வெறுந்தரையில் உட்கார்ந்து போனில் பாடம் கேட்டேன். அவர் வரவே இல்லை. பாடம் முடிந்தது.

மார்ச் 7, சனி

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது, மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். விற்க வேண்டும் என்று அவரே போன் செய்திருந்தார். பிள்ளைகள் நெருக்குகிறார்கள் போல என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களாம்மா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "பையன் விக்கவே கூடாதுங்கிறான். மாடி ஏறி ஏறி முட்டி தேஞ்சது எனக்குத்தானே தெரியும்? ரெண்டு ரூம் போதும், கீழ்த்தளமா. ஜன்னலைத் திறந்தா நாலு மனுஷ முகம் தெரியணும்."

கிளம்பும்போது என் சுடிதார் கையில் தையல் விட்டிருந்ததைப் பார்த்தார். நிற்கவைத்தே தைத்துக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

கட்டுரையை ஐந்து நாள் தாமதமாக அனுப்பினேன். பத்து மதிப்பெண் போயிற்று.

மார்ச் 12, வியாழன்

தையல்காரம்மாவின் மகன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "அம்மாவுக்குப் புத்தி தடுமாறுது. இந்த மேடம் மனசைக் கலைச்சுட்டாங்க. அது எங்க அப்பா சொத்து" என்று வாசலில் நின்று சத்தம்.

அவர் போனதும் மேனேஜர், "நமக்கெதுக்கும்மா வம்பு? விட்டுடுங்க" என்றார்.

விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவ்வளவு களைப்பு. ஆனால் பத்திர நகல் கையில் இருந்தது. இந்த மூன்று மாதமாக நான் தூங்கி வழிந்து படித்ததே பத்திரத்தை எப்படிப் படிப்பது என்பதைத்தானே? உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன்.

"சார், இது அம்மா பேர்ல மட்டும்தான் இருக்கு. தைச்சுச் சம்பாதிச்சு அவங்களே வாங்கினது. பையன் கையெழுத்து தேவையே இல்ல."

"புத்தி தடுமாறுதுங்கிறாரே?"

"டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிடலாம்."

மேனேஜர் பத்திரத்தை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "சரி, பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

தையல்காரம்மாவிடம் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எனக்கா புத்தி தடுமாறுது? ஊசியில நூல் கோக்கட்டும் பாப்போம், அவனா நானான்னு!" பிறகு, "என் பிள்ளையா அப்படிச் சொன்னான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

முடியல. நெஜமாவே முடியல.

'என் அம்மா' என்று மகள் பள்ளியில் கட்டுரை எழுதியிருக்கிறாள். 'என் அம்மா கண்ணை மூடிக்கொண்டு படிப்பார்.' படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கல. படிப்பிலிருந்து விலகும் படிவத்தைப் பதிவிறக்கி, பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

வாங்க ஆள் கிடைத்து, பத்திரப் பதிவு அலுவலகத்தில் இன்று கையெழுத்து நாள். மருத்துவர் சான்றிதழ் இருந்ததால் மகனால் தடுக்க முடியவில்லை. ஆனாலும் வந்திருந்தார், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். தையல்காரம்மா கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் படி இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது. நான் எட்டுவதற்குள் மகன் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். பிடித்த கையைத் தெருக்கோடி வரை விடவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

விலகுவதாகச் சொல்லப் பேராசிரியைக்குப் போன் செய்தேன். "ஒரு பருவத்துக்கு நாலு பாடம் எடுத்தே ஆகணும்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது? ஒண்ணு எடுங்க" என்றார்.

அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. வருடங்கள் கூடும். மகள் பள்ளி முடிக்கிறபோதுதான் நானும் முடிப்பேன் போலிருக்கிறது. இவரிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்தே சாப்பாடு கட்டிடறேன்" என்றார்.

மே 20, புதன்

மதியம் மேனேஜர் போன் செய்தார்.

"தையல்காரம்மா அனுப்பினாங்கன்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. வீடு விக்கணுமாம். நானே பேசறேன்னேன். வேணாம், பத்திரம் படிக்கத் தெரிஞ்சவங்கதான் வேணும்ங்கிறாங்க."

வேலை நாள் இல்லையே என்று இழுத்தேன். பையை எங்கே வைத்தேன் என்று கண் அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது.

"தெரியும்மா. இன்னைக்கு அவங்களுக்குப் படிப்பு, நாளைக்குத்தான் வருவாங்கன்னு சொல்லிட்டேன். காத்திருக்கேன்னுட்டாங்க. நீங்க படிங்க."

அவரே போனை வைத்துவிட்டார்.