பிளைவுட் வீடும் ஆறு அங்குலமும்

நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாத ஒரே மனிதராகிய உங்களுக்கு,

மூன்றாம் வருட நினைவு நாளுக்கு உங்கள் படத்தைப் பத்திரிகையில் போட்டு, கீழே இரண்டு வரி கண்ணீர் எழுதலாம் என்று கோவிலில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் படத்தில் உங்கள் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. அதை மறுபடியும் ஊருக்குக் காட்ட எனக்கு மனமில்லை. அதற்குப் பதிலாக நம் பங்குக் கோவிலின் மாத இதழில் ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். மற்றவர்களும் படிக்கட்டும். யாருக்கும் கேட்காமல் சொன்னால் அது பாதி ஒப்புதல்தான்.

விஷயம் நம் மகன் சேவியரைப் பற்றியது. ராணுவத்தில் வண்டிப் பட்டறையிலேயே இருபத்திரண்டு வருடம் கழித்துவிட்டு ஓய்வு பெற்று வந்துவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் மனைவி லில்லி இத்தனை வருடமாகக் குடியிருந்த அதே மாடி வீட்டில்தான் இருவரும் இருக்கிறார்கள். வந்த புதிதில் ஞாயிறு பூசை முடிந்து இங்கே ஒரு மணி நேரம் தலையைக் காட்டிவிட்டுப் போவான். பிறகு திடீரென்று தினமும் வர ஆரம்பித்தான். காலை எட்டரைக்கு நம் வாசலில் அவன் ஜீப் நிற்கும். நீங்கள் இருந்தால் பாசம் என்று சொல்லியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மகன் தினசரி மகனானால் ஒரு தாய் காரணம் தேட வேண்டாமா?

முதலில் இரும்புச் சட்டங்கள் வந்தன. அவற்றைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுவந்து, நம் கிணற்றடிப் பக்கம் காலி இடத்தில் வைத்து வெல்டிங் செய்தார்கள். பிறகு பிளைவுட் பலகைகள் வந்தன. வன்னியம்பட்டியிலிருந்து மாரியப்பன் என்ற ஆசாரி வந்தார். என்னப்பா இது என்று கேட்டேன். "மாடி வீட்ல இடமில்லம்மா, ஒரு சின்ன வேலை" என்றான். சின்ன வேலைக்கு இருபது பலகை எதற்கு?

ஒரு நாள் என்னைச் சமையலறைக் கதவை ஒட்டி நிற்கச் சொன்னான். "சும்மாதாம்மா, செத்த நேரம் நில்லுங்க." உச்சந்தலை முதல் குதிகால் வரை டேப் பிடித்தான். கையை உயர்த்தச் சொல்லி அதையும் அளந்தான். எதற்கு என்று கேட்டால் சிரிப்பு. மறுநாள் மதியம் நான் ஜன்னலோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே பேச்சு கேட்டது.

"அம்மா அளவு என்ன சார்?"

"அஞ்சடி ரெண்டங்குலம்."

"அப்ப பெட்டிக்குள்ள தாராளமா கொள்ளும்."

"கொஞ்சம் காத்து வரணும் ஆசாரி. மூடியே கிடந்தா புழுங்கும்."

நம்மவர்கள் வீட்டில் பெட்டி என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பெட்டி ஒன்றுதான். காற்றைப் பற்றிய கவலை எனக்கும் விளங்கவில்லைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மனம் காற்றில் நிற்கவில்லை. கீரை முறத்தை வைத்துவிட்டு நேரே போனேன்.

"சேவியர், உங்க அப்பாவுக்குத் தேக்கு போட்டோம். எனக்குப் பிளைவுட்டா?"

ஆசாரி காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழுந்தது. "ஐயையோ டீச்சரம்மா, இது அந்தப் பெட்டி இல்ல! வண்டிப் பெட்டி. சக்கரமெல்லாம் வருது பாருங்க."

"சும்மா இருங்க ஆசாரி," என்றான் உங்கள் மகன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "இப்ப கல்லறைக்குச் சக்கரம் வச்ச பெட்டியிலயா போவாகன்னு கேக்கப் போறாக."

பிறகுதான் விவரம் சொன்னான். ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன வீடாம். உள்ளே மெத்தை, அடுப்பு மேடை, அலமாரி, இரண்டு பக்கமும் தள்ளுகிற ஜன்னல். விலைக்கு வாங்காமல் தானே செய்கிறானாம். பக்கத்து வீட்டு கங்கம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "அக்கா, எந்த நடிகை வாரா? கேரவன் ரெடியாகுதே!" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. ஒரு கேள்விக்குத்தான் விடை கிடைத்திருந்தது. என்னை ஏன் அளந்தான் என்பதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

நானே ஊகித்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிடுங்கள் என்று மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் மறுத்தேன். மாடியேற மாட்டேன், மருமகள் சமையலறையில் விருந்தாளியாக நிற்க மாட்டேன் என்று காரணமும் சொன்னேன். ஆகவே எனக்கென்று ஒரு பெட்டி செய்து, அதில் என்னை ஏற்றி, எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இந்த வீட்டை விற்கப் போகிறான். கங்கம்மாவிடம் சொன்னேன். "ஏமோ, எனக்கென்ன தெரியும்," என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள், "ஆனா பிள்ளைக இந்தக் காலத்துல எதையும் நேரா சொல்றதில்லக்கா." அது போதுமானதாக இருந்தது எனக்கு.

என் மறுப்பை எழுதியே தயார் செய்தேன். கான்வென்ட் பள்ளியில் மதர் கற்றுக்கொடுத்தபடி ஓரத்தில் கோடு போட்டு, முன்னுரை, காரணங்கள், முடிவு. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு தடவை வாசித்தும் பார்த்தேன். ஒரு இடத்தில் குரல் உடைந்தது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

அதற்காக வேலையைக் கவனிக்காமல் விடவில்லை. என் கண்ணெதிரே நடக்கிற வேலை கோணலாகப் போவதை எப்படிப் பொறுப்பேன்? அலமாரிப் பலகை வலது பக்கம் ஒரு நூல் அளவு ஏறியிருப்பதை நான்தான் காட்டினேன். ஆசாரி மட்டக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு, "நூல் இல்ல டீச்சரம்மா, அரை நூலுதான்" என்றார். "அரை நூல் தப்பு, தப்பு இல்லையா?" என்றேன். கழற்றி மாட்டினார். கூரை ஓரத்தில் பூசிய பட்டி ஒரு விரல் அகலத்துக்கு விட்டுப்போயிருந்ததையும் நான்தான் பார்த்தேன். மழை அங்கேதான் இறங்கியிருக்கும்.

மெத்தை வந்த அன்று எட்டிப் பார்த்தேன். இரண்டு தலையணை. சரி, இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று என் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். "சேவியர், நான் இந்தப் பெட்டியில் ஏறமாட்டேன். இந்த வீட்டை விட்டும் வரமாட்டேன். காரணங்கள் நான்கு."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

"அம்மா, இது உங்களுக்கில்ல. எனக்கும் லில்லிக்கும்."

காகிதம் என் கையில் விரித்தபடியே இருந்தது.

"இருபத்திரண்டு வருஷம்மா. லீவு லீவா கூட்டினா நாங்க சேந்து இருந்தது நாலு வருஷம் தேறாது. அதுலயும் பாதி லீவு இங்கதான இருந்தேன்? பிள்ளையும் இல்ல. இந்தப் பரிட்சை முடியவும் அவ பள்ளிக்கூட வேலைய விடுதா. ஒரு வருஷம் ஊர் ஊராப் போயிட்டு வரலாம்னு. அவகிட்ட சொல்லாம ஆரம்பிச்சேன், இப்பதான் சொன்னேன். நீங்களும் அவளும் ஒரே உயரம். அலமாரி அவளுக்குக் கை எட்டணும்ல, அதான் உங்கள அளந்தேன்."

மறுக்க அத்தனை தயாராகப் போனவளை யாரும் அழைக்கவே இல்லை. உங்களுக்குப் புரிகிறதா? நான்கு காரணங்களையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அன்று இரண்டு பேருக்கும் காபியில் சர்க்கரை போட மறந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

பாதி லீவு இங்கே என்றானே, அது எனக்குப் புதிய கணக்கு. அவன் வரும்போதெல்லாம் முதலில் இங்கே வர வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டேன். நீங்கள் ஒரு தடவை, "அந்தப் பிள்ளை லில்லி பாவம்" என்றீர்கள். நான் உங்களை முறைத்தேன். நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள். ஏன் மாற்றினீர்கள்?

நான்கு நாள் கழித்துச் சக்கரம் மாட்டி, மட்கார்டு வைத்தார்கள். அவர்கள் சாப்பிடப் போன நேரம், தையல் மிஷினிலிருந்து என் இஞ்ச் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். ஏன் அளந்தேன் என்று கேட்காதீர்கள், கை தானாகப் போனது. பெட்டி அகலம் அறுபது அங்குலம். சக்கரமும் மட்கார்டும் பக்கத்துக்கு ஒன்பது. மொத்தம் எழுபத்தெட்டு. நம் கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவே எழுபத்திரண்டு. நீங்கள் மில்லிலிருந்து வந்து பக்கத்தில் நின்று கட்டவைத்த தூண்கள். "ஸ்கூட்டருக்கு இது போதும் ரெஜினா, யானையா வரப்போகுது?" என்றீர்கள்.

உங்கள் மகன் பெட்டியின் அகலத்தையும் கேட்டின் அகலத்தையும் அளந்து திருப்திப்பட்டுக்கொண்டான். சக்கரம் வெளியே நிற்கும் என்பதைக் கூட்டவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தவறு. நான் வாழ்நாள் முழுவதும் சிவப்பு மையில் வட்டம் போட்ட தவறு.

வட்டம் போடவில்லை. டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

பதினாறு நாள் அப்படியே இருந்தேன். அரை நூலுக்கு ஆசாரியைத் திட்டியவள் ஆறு அங்குலத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி வெளியே போகாவிட்டால் அவர்களும் போகமாட்டார்கள் என்று நினைத்தேனா? நினைத்தேன். அந்தப் பதினாறு நாளும் எல்லார் மீதும் சந்தேகம். பரிட்சை முடிந்து லில்லி சனிக்கிழமைதோறும் வந்து எனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். இவளுக்கு இந்தத் திடீர் அக்கறை எதற்கு? ஒரு வருடம் என்கிறார்களே, திரும்பி வருகிறவர்கள் மாடி வீட்டுச் சாமான்களை ஏன் விற்கிறார்கள்? ஆசாரி என்னைப் பார்த்து ஏன் அதிகமாகச் சிரிக்கிறார்? என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டேன்.

பெயிண்ட் காய்ந்தது. முதலில் சோழபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது, மறுநாள் அய்யனார் கோவில் வரை போய் வருவது என்று ஏற்பாடு. காலையில் தெருவே கூடிவிட்டது. கங்கம்மா வீட்டார் திருஷ்டிப் பூசணிக்காய் கொண்டுவந்தார்கள். ஜீப் தெருவில் நின்றது. நான்கு பேர் பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொக்கி வெளியே வந்தது, முன்பக்கம் வந்தது, பிறகு கடகடவென்று ஒரு சத்தம். இரண்டு மட்கார்டும் இரண்டு தூணில் முட்டி நின்றன.

"ஏலே, தள்ளாதீக, தள்ளாதீக!" என்று ஆசாரி கத்தினார்.

சேவியர் குனிந்து இடது பக்கம் பார்த்தான். சுற்றிப்போய் வலது பக்கம் பார்த்தான். டேப் எடுத்து அளந்தான். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் யாரையும் பார்க்காமல், படியில் நின்ற என்னைப் பார்த்தான்.

"அம்மா, சுவத்துல படம் சாஞ்சிருந்தா சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சுப் போயி நேராக்குறவுக நீங்க. இது உங்க கண்ணுல படலைன்னா நான் நம்பணுமா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். முதல் தடவையாக என் மகன் என்னைச் சந்தேகப்படுகிறான், அது சரியாகவும் இருக்கிறது.

"தெரியும்," என்றேன்.

"எப்பருந்து அத்தை?" லில்லி கேட்டாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மட்கார்டு மாட்டின அன்னைக்கே."

கங்கம்மா பூசணிக்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். லில்லி மெல்ல வந்து படியில் என் பக்கத்தில் நின்றாள். "ஒரு வார்த்தை, போகாதீகன்னு சொல்லியிருக்கலாம்ல அத்தை," என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி. சொல்லியிருக்கலாம். ஆனால் கெஞ்ச எனக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை.

சேவியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "பரவால்ல, சக்கரத்தக் கழட்டிருவோம். எட்டுப் பேர் தூக்கினா வெளிய போயிரும்," என்றான். பட்டறைக்காரன் புத்தி, வழி கண்டுபிடித்துவிட்டான்.

"வேண்டாம்," என்றேன். "தூணை இடி."

"அப்பா கட்டினதும்மா."

"அவிய கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். ஒவ்வொரு தடவையும் சக்கரம் கழட்டி எட்டு ஆள் தேடி உள்ள வரணும்னா, நீ வரவே மாட்ட. எனக்குத் தெரியும்."

அப்படித்தான் இடது பக்கத் தூண் போயிற்று. மூன்று சம்மட்டி அடி. இந்தக் கடிதமே அந்தப் பதிலுக்காகத்தான். நீங்கள் கட்டியதை நான் இடிக்கச் சொன்னேன். மன்னிப்பு கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். பதினாறு நாள் பேசாமல் இருந்ததற்கு மட்டும் மன்னிப்பு கேட்கிறேன். அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை. முதலில் உங்களிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

நேற்று கொத்தனார் வந்து, "டீச்சர், வண்டி போன பொறவு பழைய இடத்துலயே தூண எழுப்பிருவோம். எதுக்கு இம்புட்டு அகலம்?" என்றார். ஒன்பது அடி என்று சொல்லி, சுண்ணாம்பால் நானே கோடு போட்டுக் கொடுத்தேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு வேலையைத் தொடங்கினார்.

திங்கட்கிழமை புறப்படுகிறார்கள். எப்போது வருவீர்கள் என்று போனில் ஒரு தடவைகூடக் கேட்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. ஒரு வருடம் என்கிறார்கள். நான் நம்பவில்லை. நம்பாமலேதான் வாசலை ஒன்பது அடியாக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இடித்துக் கட்டுகிற உங்கள் மனைவி,
சேவியரின் அம்மா, லில்லியின் அத்தை,
ரெஜினா