ஆசாரி கடையில் கண்ட சேது காசு

ஜொகூர் பாரு
11 ஆகஸ்டு 1933, வெள்ளி

கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் அலுவலகம் விட்டதும் முத்தையா ஆசாரியின் நகைக்கடைக்குப் போனேன். பழங்காசு வாங்க இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூர்க் கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்கும் சேர்த்து விலை சொல்வார்கள். ஆசாரியோ, உருக்க வந்த காசுகளில் நல்லதை எனக்காக ஒதுக்கி வைப்பார். எடைக்கு மேல் கொஞ்சம்தான் கேட்பார்.

இன்று அவர் நீட்டியது ஒரு செப்புக் காசு. படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே 'சேது' என்ற எழுத்து. எங்கள் யாழ்ப்பாணத்துப் பழைய அரசர்களின் காசு! சிறுவயதில் மழை விட்டதும் அக்காவும் நானும் கடற்கரை மணலில் இதைத்தான் தேடுவோம். யார் கண்டெடுத்தாலும் அவள்தான் வைத்துக்கொள்வாள். நான் அழுவேன். அவள் சிரிப்பாள்.

பணம் எடுக்கும்போது ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஆசாரியாரே, காலையில வித்த வெள்ளி அரைஞாணோட ஒரு செம்புக் காசும் வந்துடுச்சுங்க. செத்துப்போன எம்புள்ள இடுப்புல கட்டியிருந்தது. அதை மட்டும் குடுத்துடுங்க."

ஆசாரி என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க, கிராணி ஐயா?"

"அது அவவின்ர காசு. குடுங்கோ," என்றேன்.

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கொடுத்ததில் வருத்தமில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கடற்கரைதான் வருகிறது. அக்காவுக்கு எழுதி வெகுநாளாயிற்று.

அந்தப் பெண்ணிடம் பிள்ளையின் பெயரையாவது கேட்டிருக்கலாம்.