துருப்பிடித்த சாவி

9.7.1971, வெள்ளிக்கிழமை

தப்பு என்மேல்தான். பரீட்சை வைக்கச் சொன்னவளே நான். படுத்தால் தூக்கம் வரவில்லை.

வள்ளியம்மை ஆச்சிக்கு என் வயதுதான், நாற்பத்தெட்டு. போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில், பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்றே, அவர் இடுப்பிலிருந்த வீட்டுச் சாவிக்கொத்தை மகன் வாங்கிக்கொண்டானாம். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லத்தான் இன்று காரைக்குடியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"எது எந்த ரூம் சாவின்னு ஆத்தாவுக்கு எப்படித் தெரியும், நர்ஸம்மா?" என்றான் மகன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கையில குடுத்துத்தான் பாருங்களேன்" என்றேன்.

ஆச்சி ஒவ்வொரு சாவியாகத் தடவி, நெல் அறை, பாத்திர அறை, மாடிக் கதவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு சாவி, ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியாக ஒரு துருப்பிடித்த சாவி. "இது எதுக்குன்னு தெரியலை" என்றார்.

"பாத்தீகளா?" என்று மகன் கொத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

வாசல்வரை கூடவே வந்தார் ஆச்சி. "நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அது எந்தப் பூட்டுக்குன்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. என்னைய மட்டும் கேட்டீக. அவனைக் கேட்டீகளா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

நாளைக்கு டியூட்டி முடிந்ததும் நேரே அங்கேதான் போகிறேன். அந்தத் துருப்பிடித்த சாவியைக் காட்டி, இது எதற்கு என்று மகனிடம் கேட்பேன். தெரியாது என்பான்.

அப்படியானால் கொத்தைக் கொடு என்பேன்.