கும்பிட்டுவிட்டுச் சொல்வது

கல்லடி.

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். போனில் எனக்கு வார்த்தை ஒழுங்காக வராது. அதனால் எழுதுகிறேன், அக்கா படமெடுத்து அனுப்புவாள்.

மழை தொடங்கிவிட்டது. வாவி நிரம்பி ஏறி, வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுவதும் தண்ணீர். முழங்கால் வலி முன்போலத்தான். இந்த முறை களைப்பும் அதிகம்.

நீ கேட்ட விடயத்துக்கு வருகிறேன். கொரியாவில் உங்கள் மீன் தொழிற்சாலையில் அந்த நேபாளத் தொழிலாளியின் விரல்கள் போனது அவர் கவனக்குறைவால் அல்ல, இயந்திரத்தின் காப்பு மூடியை முதலாளி கழற்றச் சொன்னதால். அதை நீ கண்டிருக்கிறாய். விசாரணையில் சொன்னால் உன் வேலை போகலாம். சொல்லவா என்று கேட்டிருந்தாய்.

கொரியாவைப் பற்றி நான் வாசித்தது வேறு. மூத்தவர் முன் தலை நிமிராத நாடு, உரிமை என்பது அங்கே வெளியிலிருந்து வந்து ஒட்டாத பேச்சு என்றே எண்ணியிருந்தேன். ஆனால் உன்னோடு மீன் வெட்டும் கொரிய அம்மா, முதலாளியை இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு, கண்டதைச் சொல்லப்போகிறேன் என்றாராமே. இளவயதில் தையல் ஆலையில் தன்னோடு நின்ற பெண்கள் அடிவாங்கித்தான் இந்த உரிமைப் பேச்சு தங்கள் வாயில் வந்தது என்றும் சொன்னாராம். நீ எழுதியதில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். புத்தகங்கள் பிழையோ, நான் விளங்கிக்கொண்டது பிழையோ, தெரியவில்லை.

ஆனாலும் வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினேன். பிரதீஸ் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனபின் எங்களுக்கு மிச்சமுள்ள மகன் நீ ஒருவன்தான். எழுதியதை வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரோடு அன்றும் வீதியோரப் போராட்டத்தில் இருந்து, நனைந்து வந்திருந்தாள். அண்ணாவின் மரணச் சான்றிதழோடு வந்த அதிகாரியை ஐயா என்று கும்பிட்டு, “புள்ளையக் காட்டுங்க, பிறகு வாங்குறன்” என்று திருப்பி அனுப்பியவள் அல்லவா.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இஞ்ச பாருங்க, என்ன எழுத்து இது? நம்மட பெரியவன சந்தியில வச்சி வாகனத்துல ஏத்தக்குள்ள கடக்காரங்க எல்லாரும் கண்டவங்க. ஒருத்தரும் வாய் திறக்கல்ல. அந்த நேபாளத்துப் புள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாதானே.”

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

சொல், மகன். கண்டதை மட்டும் சொல். எனக்குப் பயம் போகவில்லை, போகுமென்றும் தோன்றவில்லை. உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பினால் வெட்கப்படாதே. வழியில் எத்தனை சோதனைச் சாவடி இருந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே வருவேன். வேலை போனாலும் பரவாயில்லை. கண்ணகி அம்மன் உன்னை எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
கோணாமலை