கையை விரித்தால் குரைக்கும்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டையும் போட்டுக்கொண்டு இருக்கிறோம். சண்டையைத் தவிர மற்றபடி நீயும் அங்கே அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நீ, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா குளிப்பாங்க என்று கேட்டாயே, எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஐந்து மாதமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள், இப்போதுதான் கண்ணயர்ந்தாள் என்று நான் சொன்னதெல்லாம் பொய். ஒவ்வொரு முறையும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பேச்சைக் கேட்காம இவ்வளவு தூரத்து வேலைக்கு வந்துட்டேன்னு அம்மாவுக்கு இன்னும் கோபமா என்று நீ கேட்ட அன்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை கண்ணு. அவளுக்குக் குரல் போய்விட்டது.

பதறாதே, முழுதும் படி. போனில் சொன்னால் நீ அழுவாய், அழுகிற பேச்சில் பாதி என் காதில் விழாது, அதனால்தான் கடிதம். கழுத்தில் ஒரு கட்டி இருந்தது, எடுத்தாயிற்று, கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக் கிடந்ததாம். இப்போது வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பழகப் பழகக் கொஞ்சம் தெளியும், பழைய குரலை மட்டும் எதிர்பார்க்காதீங்க என்றார் டாக்டரம்மா. பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருஷம் மைக்கில் வண்டி அறிவித்தவள், மைக் கெட்ட நாளிலும் கடைசி நடைமேடை வரை கேட்கும் தொண்டை அவளுடையது. அவள் அந்தக் காற்றுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிலேட்டில்தான் எழுதிக் காட்டினாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள், சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று பயம். என் காது உனக்குத் தெரியும், மர மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றே தேய்ந்த காது. ஊமையும் செவிடும் குடும்பம் நடத்தின கதைதான். ஒரு நாள் காலை பத்து மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து, வாளியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். நான் பின்புறக் கொட்டகையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோதுதான் பார்த்தேன். இடுப்பில் அடி, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

முடிதிருத்தும் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் வீட்டு நாய் போட்டதில் ஒரு பெட்டைக்குட்டி மிச்சம் இருந்தது. மூக்கு கறுப்புப் பொத்தான் தைத்த மாதிரி இருப்பதால் பொத்தான் என்றே பேர் வைத்தோம். நாய் குரைத்தால் எனக்குக் கேட்கும், அம்மா சொன்னால் அது குரைக்க வேண்டும், இவ்வளவுதான் என் திட்டம். ஆனால் வந்தது ஒரு மௌனச்சாமி. திருடன் வந்தாலும் வாலாட்டி உட்காரச் சொல்லும். கேஸ் சிலிண்டரை உருட்டும் சத்தத்துக்கு மட்டும் குரைத்தது. அதைப் பிடித்துக்கொண்டோம். அம்மா மூடிய கையை அதன் முகத்துக்கு நேரே படக்கென்று விரிப்பாள், உடனே நான் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, சிலிண்டர் சத்தம் மாதிரியே வர இரும்புக் குழாயைத் தட்டுவேன், அது குரைக்கும், அம்மா அவித்த முட்டையில் ஒரு துணுக்கு கொடுப்பாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து, ராத்திரி டூட்டி பார்த்துட்டு வர்றேன், பகல்ல கொல்லன் பட்டறை வெச்சா எப்படி தூங்குறது என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது, நாலு மணிக்கு மேல தட்டுங்க, நானே வந்து தட்டுறேன் என்றாள், வந்தும் தட்டினாள். பன்னிரண்டாம் நாள் குழாயே இல்லாமல் கையை மட்டும் விரித்ததற்குக் குரைத்தது பார், அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், சத்தம்தான் இல்லை. உதவி கேட்டால் கையை விரிக்கிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், உதவிக்கு ஆள் கூப்பிடக் கையை விரிப்பவளை இப்போதுதான் பார்க்கிறேன். அப்புறம் முட்டைக்காக அது தூணைப் பார்த்தும் துணியைப் பார்த்தும் குரைக்கத் தொடங்கியது. கையைக் காட்டாமல் குரைத்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான்தான் மனசு கேட்காமல் மேசைக்கடியில் ஊட்டிவிட்டு அடியும் வாங்கினேன், நாய்க்கு முன்னால் திருந்த வேண்டியது நீங்கதான் என்று சிலேட்டில் திட்டும் வாங்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொட்டகையில் குனிந்து இழைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் சாத்திவைத்த பெரிய பலகைகள் என் முதுகுப்பக்கம் சரியத் தொடங்கியது எனக்குத் தெரியவில்லை. அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஓடி வர நேரமில்லை. கையை விரித்திருக்கிறாள். பொத்தான் குரைத்த குரைப்பில் நான் அவளுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பதறி வீட்டைப் பார்த்துத் தாவினேன், நின்ற இடத்தில் ஏழெட்டுப் பலகை விழுந்தது. கால் விரலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அம்மா வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே உதட்டை அசைத்தாள், என் நல்ல காதைக் கிட்டே கொண்டுபோனேன். பிள்ளைகிட்ட சொல்லிடுங்க என்றாள். ஐந்து மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

நான் உற்சாகத்தில், கடிதம் கிடைச்சு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கூப்பிடும்போது நீ கையை விரி, பொத்தான் குரைக்கட்டும், நீ கேட்டுக்கிட்டிருக்கேன்னு அவளுக்குத் தெரியும் என்றேன். என்னை முறைத்துவிட்டு, என் பிள்ளைக்கு நாயா பதில் சொல்லணும், நானே பேசுவேன் என்றாள். நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறாள், என்ன பேசுவாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஓடி வருகிறேன் என்று டிக்கெட் எடுக்காதே, லீவு வரும்போது வந்தால் போதும். நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு கண்ணு. மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மின்விசிறியை அணைத்துவிடு, ஜன்னலைச் சாத்து, போனைக் காதோடு ஒட்டி வை. காற்று மாதிரிதான் கேட்கும். கோளாறு என்று நினைத்து வைத்துவிடாதே, அது அம்மா.

உன் வரவை எண்ணியிருக்கும்
அப்பா